அரிப்பு மாத்திரை

14-10-86, செவ்வாய்
மாமனாருக்கு அரிப்பு நிற்கவில்லை. சோளக்காட்டில் பார்த்தீனியம் பிடுங்கியதிலிருந்து இரண்டு கையும் சொறிந்து சொறிந்து ரத்தம். நல்லம்பள்ளி டாக்டர், படுக்கும்போது ஒரு மாத்திரை மட்டும் என்றார். பார்க்கச் சகிக்காமல் இன்று காலையிலும் ஒன்று கொடுத்தேன்.

17-10-86
சளியும் பிடித்துக்கொண்டது. மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கினேன். அரிப்புக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. பகலெல்லாம் தூங்குகிறார். நிம்மதி.

19-10-86
மாமா சுவரைப் பார்த்துப் பேசுகிறார். "குள்ளம்மா, மாட்டப் புடிச்சுக் கட்டு." அத்தை செத்து ஆறு வருஷம். என்னைப் பார்த்து, "யாரும்மா நீ?"
பதினோரு வருஷமாகச் சோறு போடுகிறேன் - என்னையா?

20-10-86
நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்கிறது. நேற்றிலிருந்து ஒன்றுக்குப் போகவேயில்லை. அடிவயிறு கல் மாதிரி.
"காத்து கருப்புதான். பூசாரியக் கூட்டியாறேன்" என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார்.
எனக்கு வேறு பயம். இதெல்லாம் எந்த நாளில் ஆரம்பித்தது? எண்ணிப் பார்த்தால், சளி மாத்திரையும் கொடுத்த பிறகுதான். நான் கொடுத்த மாத்திரை. சொன்னால் இவர் என்ன செய்வாரோ? சொல்லாவிட்டால் மாமா?
சொல்லிவிட்டேன். இவர் என் முகத்தைப் பார்க்காமல், ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டினார்.

21-10-86, தர்மபுரி
நேற்று வந்ததுமே டியூப் போட்டார்கள். ஒரு பேசின் நிறைய மூத்திரம். இரண்டு மாத்திரை அட்டைகளையும் டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.
"ரெண்டுலயும் ஒரே வகை மருந்து இருக்கும்மா. தூக்கம் வரவைக்கிறது. வயசானவங்களுக்கு மூளையக் குழப்பும், மூத்திரத்த அடைக்கும். ஒன்னுக்கே ஜாக்கிரதை வேணும். ரெண்டையும் நிறுத்துங்க."
"பொழைச்சுக்குவாருங்களா?"
"பாக்கலாம். ரெண்டு மூனு நாள் ஆவும்."

22-10-86
இன்னும் அத்தையைத்தான் கூப்பிடுகிறார். தெளியாமலே போய்விட்டால்?

24-10-86
டியூபை எடுத்தார்கள். தானாகப் போனார். இவர் எனக்கும் ஒரு காப்பி வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

27-10-86
வீடு. அரிப்புக்கு இனிப் பூசும் மருந்துதான்.
மத்தியானம் மாமா தட்டைத் தள்ளினார். "ஏ தீர்த்தம்மா, களியில உப்பே இல்ல. என்னையச் சீக்காளின்னு நெனச்சியா?"
உப்பு எடுக்க உள்ளே போனவள், அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.