செந்திலு பொட்டிக்குள்ள பேசி வெச்சது

ஐப்பசி 3, திங்கள்

விடிஞ்சதுல இருந்து தூறல். கொடியில துணி காயல. கால் வீக்கம் அப்படியே.

10 மணிக்கு காங்கேயத்துல இருந்து பேத்தி பிரியா போன். பொங்கலுக்குப் பொங்கல் பேசறவ. "அப்பத்தா, அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க. ஊட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அப்பாவோட கம்ப்யூட்டர் இன்னும் இருக்குதுங்களான்னு அம்மா கேக்கச் சொல்றாங்க."

இருக்குதுன்னேன். போனை வெச்சுட்டேன்.

அவ அம்மா சாந்தி, என்ற மருமக. என்ற பையன் செந்திலு செத்து கருமாதி அன்னைக்கு, ஒரம்பரை சாப்பிட்ட எலையை எடுக்கறதுக்குள்ள, ரெண்டு வயசுப் புள்ளையைத் தூக்கிட்டு பஸ் ஏறினவ. நீலச் சேலை, பச்சைக் கரை. போறப்ப அத்தனை பேர் முன்னாடியும் சொன்னா: "நானாப் போகலைங்கத்தை. அவருதான் போகச் சொன்னாரு. கம்ப்யூட்டர் பொட்டியில பேசி வெச்சிருக்காரு, கேட்டுப் பாருங்க."

பொய்க்காரின்னேன். நானும் அத்தனை பேர் முன்னாடிதான்.

பொட்டியைத் தொடக்கூடாதுன்னு பூட்டி வெச்சேன். ஆயுத பூஜை கழிச்சுப் போட்டுப் பார்த்தா உசுரே வரல. பொய் வெளிய வந்துருமுன்னு அவதான் கெடுத்துட்டுப் போயிட்டா. இருவது வருசத்துக்கு மேல இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.

அவ மேல இருக்கற குத்தம் இன்னும்:
புள்ளைக்குக் காது குத்துனதுக்குச் சொல்லல.
செந்திலு திதிக்கு ஒரு தடவை கூட வரல.
என்ற கண் ஆபரேசனுக்கு எட்டிப் பாக்கல.

பொட்டியைச் செரி பண்ணிப் பாத்துப்போடலாம். அவ கண்ணை மூடறதுக்குள்ள பொய்யின்னு ஆகட்டும்.

ஐப்பசி 4, செவ்வாய்

தூறல் நிக்கல. ரசம் மட்டும் வெச்சேன்.

அடுத்த வீதி தங்கவேலு வந்தாரு. இந்தக் கணபதி ஏரியாவுல லேத்துப் பட்டறைக்காரங்க பழைய கம்ப்யூட்டருக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். மூடியைக் கழட்டுனதும் சிரிச்சாரு.

"ஏனுங்கம்மா, உள்ள எதுக்குங்க சந்தனம், குங்குமம்?"

"ஆயுத பூஜைக்கு லேத்துக்கு வெக்கறப்ப இதுக்கு வெக்காம உடறதுங்களா தம்பி?"

"வெளிய வெக்கோணுமுங்க. நீங்க வயித்தைக் கிழிச்சு ஈரலுக்கே பொட்டு வெச்சிருக்கீங்க."

இந்தப் பச்சைத் தகட்டுல இருந்துதாம்மா பேச்சு வருதுன்னு செந்திலு ஒருக்கா காட்டுனான். சவுண்டு கார்டாமா. அதனால அதுக்கு மட்டும் ரெண்டு பொட்டு. வருசா வருசம்.

பேட்டரி மாத்துனாரு. அப்பவும் பாதியில நின்னுருச்சு. கார்டை உருவி பிரஷ்ஷால தேச்சு, கண்ணாடி வெச்சுப் பார்த்தாரு. "பழைய கார்டுங்கம்மா. பாட்டு வேலையோட சிடி ஓட்டற வேலையையும் இதுலயே சேத்து வெச்சிருக்கான். நமக்கு அது வேண்டாததுங்க. அது முழிச்சிருந்தா டிஸ்க்கோட மல்லுக்கு நிக்கும், பொட்டி எந்திரிக்காது. அதைத் தூங்க வெக்க இந்த ரெண்டு முள்ளு மேல ஒரு கறுப்பு மூடி இருந்திருக்கோணும். உளுந்தத்தனைதான் இருக்கும். யாராச்சும் புடுங்குனீங்களா?"

இல்லைன்னேன்.

புடுங்குனது நாந்தான். மொத வருசம் பூஜைக்கு ஈரத்துணியில தொடைச்சேன், கையோட வந்துச்சு. அழுக்குன்னு நெனைச்சு ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில வீசிப்போட்டேன். இத்தனை வருசம் நெனப்பே இல்ல. அவரு 'கறுப்பு'ன்னதும் அந்தத் துணி, அந்த வாளி எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது.

அவரு பையில இருந்து வேற மூடி எடுத்துப் போட்டாரு. பொட்டி எந்திரிச்சிருச்சு.

செந்திலு பேசுனதை நாளைக்குத் தேடிப் பாக்கலாமுன்னுட்டுப் போனாரு.

ஐப்பசி 5, புதன்

வெயில். துணி காஞ்சுது.

தங்கவேலு காலையிலயே வந்துட்டாரு. செந்திலு பேசுனது இருக்குது. ஆனா ஒரே இரைச்சல், ஓட்டு மேல மழை உழுகற மாதிரி. சத்தத்தைப் பெருசாக்கற சாமானும் அந்தக் கார்டுலயே இருக்குதாம். "இவன் பேச்சைப் பெருசாக்கறதை உட இரைச்சலைத்தான் பெருசாக்கறான். இவனையும் படுக்க வெச்சுப்போடலாமுங்க." ரெண்டு மூடியை எடம் மாத்திக் குத்துனாரு. தனி ஸ்பீக்கர் மாட்டுனாரு.

இரைச்சல் போயிருச்சு.

செந்திலுக்குக் கடைசியில கை நடுக்கம், எழுத வராது. மைக்குல பேசி வெச்சிருக்கான். அவன் கொரல்தான். மூச்சு வாங்குது.

"சாந்தி, நான் போனப்பறம் நீ இங்க இருக்காத. பாப்பாவைக் கூட்டிட்டு காங்கேயம் போயிரு. அம்மா கெட்டவ இல்ல. ஆனா ஒண்ணை மனசுல வெச்சா எறக்க மாட்டா. உன்னையத் தின்னுபோடுவா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அப்பறம் இருமல்.

என்கிட்ட அவன் சொல்லல.

தங்கவேலு தலையைக் குனிஞ்சு ஸ்குருவைப் பொறுக்கிட்டே இருந்தாரு. அந்தப் பேச்சை என்ற போன்ல பிடிச்சுக் குடுத்துட்டுப் போனாரு.

3 மணிக்கு போன். பிரியா போட்டுக் குடுத்தா. பேசுனது சாந்தி. கருமாதிக்கு அப்பறம் இன்னைக்குத்தான் அவ கொரல் கேக்கறேன். நூலாட்டம்.

"பேசுச்சுங்களா அத்தை?"

"இல்ல சாந்தி. பொட்டி செத்துப்போச்சு."

"செரிங்கத்தை."

அவ்வளவுதான். சண்டை கூடப் போடல.

ஐப்பசி 6, வியாழன்

காங்கேயத்துக்கு 5.40 பஸ். ரெண்டு மாத்திரை, தண்ணி பாட்டில், போன். கால் வலி. பல்லடம் தாண்டற வரைக்கும் நின்னுட்டே போனேன்.

சின்ன ஊடு. ஓட்டு ஊடு. கட்டலு மேல சாந்தி, ஒரு கைப்பிடியாச் சுருங்கிக் கெடக்கறா. எண்ணெய் மில்லு வேலைக்குப் போயே புள்ளையைப் படிக்க வெச்சிருக்கா. நேத்து சாயந்தரத்துல இருந்து நெனவு இல்லையாமா.

கட்டலுப் பக்கத்துல உக்காந்து போனை அவ காதுல வெச்சேன். மூணு தடவை போட்டேன். கண்ணு தொறக்கல. வெரலு கூட அசையல.

பிரியா செவுத்தோரமா நின்னா. அப்பன் கொரலு அவளுக்கு நெனப்பே இருக்காது. முடிஞ்சதும் என்னையப் பார்த்தா.

"நேத்து அம்மா கேட்டப்ப இது உங்ககிட்ட இருந்துச்சுங்களா, அப்பத்தா?"

இருந்துச்சு கண்ணுன்னேன்.