இருபத்தொன்பது பாட்டு

இவளே,

குளிர்பானம் வாங்கப் போகிறேன். மாடி அறைச் சாவி டிவி மேல் இருக்கிறது. உன் அண்ணன் எனக்கு முன்னால் வந்துவிட்டால் ஸ்பீக்கரைத் தொட விடாதே. "மாப்ளே, இருபத்தஞ்சாவது கல்யாண நாளு, இசையில ஒரு தரம் வேணும்" என்கிறார். போன விருந்தில் அவர் தரமாக ஓடவிட்ட வீணையைக் கேட்டு, வந்தவர்கள் துக்கம் விசாரிக்காத குறை.

விருந்துக்கு முப்பது பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். இருபத்தொன்பது சேர்த்திருக்கிறேன். எல்லாம் நமக்குப் பிடித்தவைதான். வரிசையாகக் கேட்டேன், ஒன்றுமே உறைக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

பி.கு.: விடுபட்டது, பாத்திரம் கழுவும்போது நீ முணுமுணுக்கும் பாட்டு. "உனக்குக் குக்கரே தேவலை, மூணு விசிலோட நிறுத்திக்கும்" என்று உன் அண்ணன் எதிரில் சொல்லித் தொலைத்தேன். பதினோரு நாளாக வீட்டில் அதைக் காணோம். ஸ்பீக்கரில் போட மனம் வரவில்லை.

இன்னொன்று: சாதம் வைத்துவிட்டேன். குக்கர் மூன்று விசிலோடு நிறுத்திக்கொண்டது. நீ நிறுத்த வேண்டாம்.