தலைகளுக்கு மேல் என் ஷூ

கிளாஸ்கோ, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்தக் குளிரில் மீன்பிடிக்கப் படகில் போகும்போது உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

நகரத்தில் உனக்கு யார் துணை என்று கேட்டிருந்தீர்கள். உடன் வேலை செய்யும் மோராகும் ஃபெர்கஸும் சனிக்கிழமைதோறும் என்னை ராக் கச்சேரிக்கு அழைத்துப் போகிறார்கள். அவர்கள் மேடைக்கு முன்னால் கூட்டத்தோடு போய்க் குதிப்பார்கள். நான் சுவரோரம் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கோட்டுக்காகத்தான் கூப்பிடுகிறார்களோ என்றுகூடத் தோன்றியதுண்டு.

போன வாரம் மோராக், "புத்தகப் புழுவே, கோட்டை மூலையில போட்டுட்டு வாடி!" என்று இழுத்துப் போனாள். இரண்டாம் பாட்டிலேயே விழுந்தேன். பயப்படாதீர்கள். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் கைகோத்து இடம்விட்டு, உடனே தூக்கிவிடுவது இங்கே வழக்கம். முன்பின் தெரியாத தாடிக்காரர் ஒருவர் கழன்றுபோன என் ஷூவைத் தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, "யாரோடது இது? குழந்தை ஷூ மாதிரி இருக்கே!" என்று கத்தினார்.

"எங்க ஆளோடது, கொடுய்யா!" என்று ஃபெர்கஸ் பதிலுக்குக் கத்தினான். கூட்டமே சிரித்தது, நானும்தான்.

கணுக்காலில் கொஞ்சம் வீக்கம், நடக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுவதும் அறையிலேயே இருப்பதால் மிகவும் குளிர்கிறது. நம் ஊர்க் கம்பளிக் காலுறை அனுப்புங்கள், அப்பா. மோராகுக்கும் ஃபெர்கஸுக்கும் சேர்த்து மூன்று ஜோடியாக அனுப்புங்கள்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஐலா