வாட்ச்மேனின் சட்டை

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அதையே நலம் என்று எடுத்துக்கொள். அங்கே குளிர் எப்படி? நான் தைத்து அனுப்பிய கம்பளிக் கோட்டின் கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள். தையற்காரன் மகள் அளவு தப்பின கோட்டு போட்டிருக்கிறாள் என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது.

நீ போட்ட வழக்கில் ஒருவழியாக ஓர் அசைவு. உன் தம்பியைக் கொண்டுபோன கிடங்குத் தீ பற்றிய விசாரணை அறிக்கையின் நகலை, கோர்ட்டு இரண்டு தடவை அதட்டிய பிறகு, அரசாங்கம் நம் வீட்டுக்கே அனுப்பிவிட்டது. நல்ல கனமான உறை. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என்ன அண்ணே, கல்யாணப் பத்திரிகையா என்றார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். படிங்க என்றாள்.

படிக்க என்ன இருக்கிறது? முதல் பக்கத்தில் நாட்டின் பாதுகாப்பு கருதி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கப்புறம் எல்லாம் கறுப்பு. வரி வரியாக, பக்கம் பக்கமாக மை பூசியிருக்கிறார்கள். நானும் முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன், இவ்வளவு கறுப்புத் துணியை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. விட்டுவைத்தது இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வார்த்தைகள்: மேற்படி, ஆகையால், பிற்பகலில், என்பது தெரியவருகிறது. என்ன தெரியவருகிறது என்பது தெரியவில்லை. உன் அம்மா வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று அந்த மேற்படியை நாலு தடவை குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். எட்டாம் வகுப்பு வாத்தியார் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இதில் நம்ம பையன் பேர் எங்கே இருக்கு என்று.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்தேன். அவன் பெயரை அந்த எழுத்தளவில் அச்சடித்தால் எவ்வளவு நீளம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு இருந்த ஒரு கறுப்பைத் தேடி, இதுதான் என்று காட்டினேன். அவள் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு விரலைப் பார்த்தாள், மை ஒட்டவில்லை. அச்சுக் கறுப்பு, எப்படி ஒட்டும்.

இன்னொரு சேதி. உறைக்குள் தனியாக ஒரு கடிதமும் இருந்தது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் தலைமைச் செயலகத்துக்கு வந்து, கறுப்பு பூசாத அறிக்கையை முழுதாகப் படித்துப் பார்க்கலாமாம். படித்ததை வெளியே யாரிடமும், கட்டின பெண்டாட்டியிடம் கூடச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். மீறினால் சிறை. உன்னைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய், நினைவிருக்கிறது. உன் பதில் வருகிறவரை பேனா மூடியைக்கூடத் திறக்கமாட்டேன்.

வாட்ச்மேன் நேற்றுக் கடைப்பக்கம் வந்தான். அதுதான், தெற்கு வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியோடு ஓடினவன். கையில் ஒரு கிழிந்த சட்டை. இங்கே தைக்கிறதில்லை என்றேன். தையல் மிஷினில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டான். உள்ளே அத்தனை பேர் வெந்துகொண்டிருக்கும்போது ஓடத் தெரிந்தவனுக்குப் பேசத் தெரியாதாக்கும்.

வேளைக்குச் சாப்பிடு. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா

*

என் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இதை உட்கார்ந்துகொண்டு படி. நடுவில் யாராவது உறையைப் பிரித்துப் படித்தால் அவருக்கும் என் வணக்கம். நான் எதையும் வெளியிடவில்லை என்பதற்கு அவரே சாட்சியாக இருக்கட்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் பதில் வரவில்லை, அதற்குள் செயலகத்துக் கார் வந்துவிட்டது. இந்த வாரத்தோடு வாய்ப்பு முடிகிறது என்றார்கள். ஒருவர் இறங்கிக் கதவைத் திறந்து, ஐயா ஏறுங்க என்றார். என் ஆயுசில் எனக்கு யாரும் கார்க்கதவு திறந்ததில்லை. உன் அப்பனை ஐயா என்று கூப்பிட்டுக் காரில் ஏற்றினால் போதும், நாட்டையே எழுதிக் கொடுத்துவிடுவான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னலை இறக்கி வேறு விட்டுக்கொண்டேன்.

ஆனால் அதற்காக மட்டும் இல்லை. நாலு வருஷமாக உன் அம்மா படுக்கப்போகும்போதெல்லாம் கேட்கிற கேள்வி உனக்குத் தெரியும். கடைசி நேரத்தில் அவன் நம்மைக் கூப்பிட்டிருப்பானா என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் கிடைக்குமென்றால் நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கே வாசலில் பையில் இருப்பதையெல்லாம் ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். பேனா, சீப்பு, ஊசி நூல், எல்லாவற்றையும் வைத்தேன். படிக்கிற கண்ணாடியையும் வைத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் மங்கலாகத் தெரிந்த கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் போய் உட்கார்ந்தால், முன்னால் அறிக்கை, ஓர் எழுத்து தெரியவில்லை. நாட்டின் பரம ரகசியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எறும்பு ஊர்வதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் வைத்தது போகிறபோதுதான் திரும்பி வருமாம், விதி. எதிரில் ஓர் அம்மாள், பெரிய அதிகாரி, உட்கார்ந்திருந்தார். நீங்களே படிச்சுச் சொல்லிடுங்கம்மா என்றேன். அவர் வாயால் படித்தால் அது வெளியிட்டதாகிவிடுமாம். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் தள்ளினார். எனக்கு அப்படியே பொருந்தியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு கடிகாரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் முழுதும் படித்தேன்.

என்ன இருந்தது என்று கேட்காதே. சொல்லமாட்டேன். நான் உள்ளே போய்விட்டால் உன் அம்மாவுக்கு யார்? ஆனால் நம் வீட்டில் நடந்ததை எழுதலாம். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

வந்ததும் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த இரங்கல் பத்திரத்தைக் கழற்றிவிட்டேன். தீக்குப் பிறகு நாட்டின் தலைவர் தன் கையாலேயே கையெழுத்திட்டு அனுப்பினாரே, அதுதான். நாலு வருஷமாகக் காலையில் முகம் துடைத்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கையெழுத்து. முதலெழுத்தில் ஒரு சுழி, கடைசியில் ஒரு நீள வால். இனி அதை எந்த உத்தரவின் அடியில் கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். எங்கே கண்டாய் என்று கேட்காதே. ஏன் கழற்றினீங்க என்று உன் அம்மா கேட்டாள். கறையான் என்றேன். அலுமினியப் பிரேமிலா என்றாள். ஆணி மட்டும் இருக்கிறது.

மறுநாள் வாட்ச்மேன் வீட்டுக்குப் போனேன். பின்தெருவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒற்றை அறை. கதவில் யாரோ கரியால் எழுதியதை அழித்து அழித்துப் பலகையே வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பேரப்பிள்ளையை உள்ளே போகச் சொன்னார். நான் உட்காரலாமா என்று கேட்டேன். இருந்த ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் தரையில் உட்கார்ந்தார். நானும் தரைக்கே இறங்கிவிட்டேன், முட்டி கத்தியது.

அவர் மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரமாக நின்று என்னையே முறைத்தாள். முறைக்கட்டும். அவள் நாத்தனாருக்கு, அவர் மகளுக்கு, நிச்சயம் ஆன கல்யாணம் சாவியோடு ஓடினவன் என்கிற ஊர்ப்பேச்சில்தான் நின்றது. பாதித் தேநீர் குடித்த பிறகு அவர் ஒன்று கேட்டார். அந்த ரூம்ல கடிகாரம் இன்னும் பின்னாலதான் ஓடுதா ஐயா என்று. ஓடுது என்றேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு முன்னாலேயே அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நாலு வருஷம், ஊர் காறித் துப்பத் துப்ப, மனுஷன் துடைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். முந்தின கடிதத்தில் அவரை அவன் இவன் என்று எழுதியிருந்தேன். அந்த வரிகளைக் கறுப்படித்துவிடு. பேனா உன்னிடமும் இருக்கிறது.

கிளம்பும்போது அந்தக் கிழிந்த சட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். தோள்பட்டையைப் பிரித்து, உள்ளே ஒட்டுக் கொடுத்து, காலரைத் திருப்பித் தைத்தேன். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியுமே: வேலை முடிந்த துணியில் உடையவர் பெயர்ச்சீட்டைக் குத்தித் தெருப்பக்கக் கம்பியில் தொங்கவிடுவோம், வருகிறவர்கள் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, நடுக்கம்பியில், நிலைய அதிகாரியின் காற்சட்டைக்கும் வாத்தியாரின் கோட்டுக்கும் நடுவில் மாட்டினேன். தெருவே ஒரு நிமிஷம் நின்றது. பழக்கடைக்காரர் வந்து, என்ன அண்ணே, உங்களுக்கே புத்தி பேதலிச்சுப் போச்சா, மகனைக் கொன்னவன் சட்டை என்றார். இஸ்திரி நன்றாக வந்திருக்கா பாருங்க என்றேன். ஒப்பந்தத்தில் வாயைப் பற்றித்தான் இருந்தது, கம்பியைப் பற்றி ஒன்றும் இல்லை.

உன் அம்மாவின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கூப்பிட்டானா என்றால், அதுவும் அறிக்கையில் இருப்பதுதான். இப்போது அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்க்கிறாள். நான் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அப்பா

*

மகளே,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்பதா, ரசீது என்பதா? இப்ப திருப்தியா அப்பா என்று ஒரே வரி. மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், குத்துகிறது, குத்தட்டும்.

தீர்ப்பை நம் வக்கீல் எனக்கும் படித்துக் காட்டினார். விசாரணை அறிக்கையை இறந்தவரின் குடும்பம் முழுமையாகப் பார்வையிட்டுவிட்டது, அரசு பதில் சொல்லவேண்டிய கடமையை நிறைவேற்றிவிட்டது, எனவே வழக்கில் மேற்கொண்டு எதுவும் மிச்சமில்லை. மேற்படி, ஆகையால் எல்லாம் இதிலும் இருந்தன. நாலு வருஷமாகத் தூக்கம் கெட்டு நீ கட்டியதை, ஒரு கார்ச் சவாரிக்கு உன் அப்பன் பிரித்துப் போட்டுவிட்டான். கண்ணாடி இல்லாமல் போட்ட கையெழுத்து, நேர்க்கோட்டில் அழகாக விழுந்திருக்கிறதாம். அதுதான் அவர்களுக்கு முதல் சான்று. அவர்கள் எனக்கு எதையும் காட்ட விரும்பவில்லை, மகளே. என் வாயைத் தைக்க ஒரு தையற்காரன் வேண்டியிருந்தது, என்னையே பிடித்தார்கள்.

இதை உன் அம்மாவிடம் சொல்ல எந்த ஒப்பந்தமும் தடையில்லை. சொன்னேன். கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணியையும் மடித்துவிட்டு, குடும்பம்னா நீங்க ஒருத்தர்தானா என்றாள். பெத்தவ நான் எதைப் பார்த்தேன், எதைக் கேட்டேன், எனக்கு எவன் கார்க்கதவு திறந்தான் என்று கேட்டாள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் இருவரும் வக்கீலிடம் போனோம். பெற்ற தாய்க்கு இன்றுவரை எதுவும் காட்டப்படவில்லை, அவள் எதற்கும் ஒப்புக்கொள்ளவுமில்லை என்று அவள் பேரில் புதிதாக மனு போடலாமா என்று கேட்டோம். வக்கீல் மூக்கைச் சொறிந்தார். நிற்குமா என்று சொல்ல முடியாது, ஆனால் தூக்கிப் போடவும் அவ்வளவு சுலபமில்லை என்றார். மறுபடி முதலிலிருந்து, எத்தனை வருஷம் ஆகுமோ என்றார். உன் அம்மா கட்டைவிரலை நீட்டினாள். மை வைத்து ஒற்றினார்கள். வீட்டுக்கு வந்தும் அந்த விரலைக் கழுவவில்லை. இந்த மை ஒட்டுது பாருங்க என்று மட்டும் சொன்னாள்.

வரும் வழியில் ஒரு பெரிய காரைக் கண்டு தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டாள். எவனாவது கதவைத் திறந்து அம்மா என்று கூப்பிட்டுவிடுவான் என்று. சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

அவளுக்கு மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏற இரண்டு தடவை நிற்கிறாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் செய்துகொடுத்த சத்தியங்களில் இந்த ஒன்றை மீறுகிறேன். மனுவுக்கு வேண்டிய பழைய காகிதங்கள் உன்னிடம்தான் இருக்கின்றன. என்மேல் கோபத்தை வைத்துக்கொள், அது எங்கும் போய்விடாது. காகிதத்தை உடனே அனுப்பு. அந்த அறிக்கையை அவள் காதால் கேட்கவேண்டும், அவள் இருக்கும்போதே. வேறு யாராவது, கையெழுத்துப் போடாத ஒருவர், உரக்கப் படிக்கவேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்பவன் மாதிரி கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ச்மேன் அந்தச் சட்டையை இன்னும் எடுத்துப்போகவில்லை. இருக்கட்டும் ஐயா, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். வெயிலில் நிறம் போகிறது. ஆனால் பெயர்ச்சீட்டு தெரிகிறது, வாரம் ஒருமுறை புதிதாக எழுதிக் குத்துகிறேன்.

நீ வரும்போது நேராக வீட்டுக்கு வராதே. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வா. ஏன் என்று என்னைக் கேட்காதே.

உன் தம்பிக்குக் கிடைக்காத வயசையும் சேர்த்து நீ நன்றாக இருக்கவேண்டும்.

வாய் இருந்தும் சொல்ல முடியாத,
உன் அப்பா