ஆறு பை மண்

புதன், மார்ச் 5

இன்று மானம் போனது. தாகத்தால் போனது.

மகள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாளே என்று அவள் ஆராய்ச்சி செய்கிற மண்-நீர் ஆய்வகத்துக்கே கொண்டுபோனேன். பல்கலைக்கழகத்தில் அது நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேசைமேல் ஒரு வெள்ளைக் கேன், அதில் ஒரு குழாய், பக்கத்தில் கண்ணாடிக் குவளை. மனுஷன் வேறென்ன செய்வான்? பிடித்து மடமடவென்று குடித்தேன். ருசியே இல்லை, வேண்டாத விருந்தாளிக்குச் செய்த உபசாரம் மாதிரி. திரும்பினால் பேராசிரியை நிற்கிறார். அது பரிசோதனைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீராம். குவளை மண் கரைக்கிற குவளையாம்.

"ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அங்கிருந்த மாணவர்கள் எல்லாருக்கும் திடீரென்று வேலையில் அக்கறை வந்து, தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சாயங்காலம் மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, இனிமே லேப் பக்கம் வராதீங்க. நான் பட்டினியே கிடக்கறேன்."

ஞாயிறு, மார்ச் 9

மகளோடு வயலுக்குப் போய்வந்தேன். வழக்கமாக அவளோடு போகும் தோழிக்குக் காய்ச்சல். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் தராசு. எங்கள் வீட்டில் டீ போட்டால்கூட, கரண்டிச் சர்க்கரையை விரலால் வழித்துச் சமன் செய்துதான் கொட்டுவாள். மகள் மண் எடுத்து வருவாள், தராசு அதை ஆய்வகத்தில் கரைத்து எவ்வளவு உப்பு என்று பார்ப்பாள். இரண்டு பேர் பட்டமும் அந்த ஒரே மண்ணுக்குள்தான் இருக்கிறது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னைக் கூட்டிப்போனாள். கேன் தண்ணீர் குடித்த அப்பா வயலுக்கும் வந்தார் என்று தெரிந்தால் சிரிப்பார்களாம்.

வேலை இதுதான். ஆலைக் கழிவு ஓடுகிற வாய்க்கால் கரையில் ஆரம்பித்து, வயலுக்குள் நேர்கோட்டில் போகவேண்டும். விட்டு விட்டு ஒரு குழி, குழிக்கு ஒரு பை மண். வாய்க்காலின் உப்பு வயலுக்குள் எதுவரை ஊறியிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்குமாம். துளைக்கருவியைத் திருகுவது என் பங்கு. பாதிக்கு மேல் முடித்தோம். அப்போது பிடித்தது மழை. வழுக்கி உட்கார்ந்தேன், எழுந்தபோது முழங்கால் என்னோடு எழவில்லை. இன்னும் ஆறு பை பாக்கி.

நான் திரைச்சீலைக் கடைக்கு ஜன்னல் அளக்கிறவன். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு ஜன்னலை அளந்துவிட்டு மற்றதற்கெல்லாம் அதையே எழுதிக்கொள்வது எங்கள் தொழில் சாமர்த்தியம். அந்தத் தைரியத்தில் சொன்னேன்: "எல்லாம் ஒரே வயல்தானேம்மா. இந்தக் குழியிலயே ஆறு பையையும் நிரப்பிடு. மண்ணு என்ன வாயத் திறந்து சொல்லவா போகுது?"

அவள் வானத்தைப் பார்த்தாள். என் முழங்காலைப் பார்த்தாள். நிரப்பினாள். பைகளின்மேல் ஆறு இடங்களின் பெயரை எழுதினாள்.

வரும் வழியெல்லாம் என் பக்கம் திரும்பாமலே வந்தாள். நனைந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள், மார்ச் 10

தைலம். முனகல். மனைவி கேட்டாள்: "மண்ண எடுக்கப் போனீங்களா, மண்ணோட மண்ணாப் போகப் போனீங்களா?"

வெள்ளி, மார்ச் 21

மண் வாயைத் திறந்துவிட்டது.

வாய்க்காலிலிருந்து விலக விலக உப்பு படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கடைசி ஆறு பையில் மட்டும் குறையவில்லை. ஆறும் ஒரே கணக்கு, அச்சடித்த மாதிரி. தராசு தன் கைமேல்தான் குற்றம் என்று குவளைகளை எல்லாம் திரும்பக் கழுவி, மறுபடி முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறாளாம். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னாள். பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை.

திங்கள், மார்ச் 24

தராசு வந்திருந்தாள். எப்போதும் நேரே அடுக்களைக்குப் போகிற பெண், இன்று கூடத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நான்தான் டீ போட்டேன். சர்க்கரையைக் கண்டபடி கொட்டினேன், கவனிக்கவே இல்லை.

"மூணாவது தடவையும் அதே நம்பர்தான் அங்கிள். எனக்கே என் கைமேல சந்தேகமா இருக்கு. தூக்கத்துல பண்றேனோன்னு தோணுது."

மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மடித்தாள். நான் என்ன சொன்னேன்? "எல்லாம் சரியாப் போயிடும்மா." இதைச் சொல்ல ஒரு வாய், அதற்கு ஒரு மீசை வேறு.

வியாழன், மார்ச் 27

பேராசிரியை தராசை உப்பு அளக்கும் கருவிப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே கரைசலை ஆறு தடவை அளந்து எழுதியிருக்கிறாள், கேட்டபோது அதை மறைக்க மறுபடியும் அதே எண்களை எழுதிவிட்டாள் என்று நினைக்கிறார். அவளை ஆய்வகத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

"நான் சொல்லிடறேம்ப்பா" என்றாள் மகள்.

"கொஞ்சம் ஆறப்போடு. தானா அடங்கிடும்."

"அவ பேரு போகுதுப்பா."

"உன் பேரு போனா தேவலையா?"

கேட்டவன் நான்தான். பெத்தவன் கேட்கிற கேள்வியா இது? இல்லை, பெத்தவன் மட்டும்தான் கேட்பானோ? ஊரான் பிள்ளை எப்படிப் போனால் என்ன என்றிருக்க நான் அவ்வளவு கெட்டவனும் இல்லை. அப்புறம் ஏன்டா அந்த வார்த்தை அவ்வளவு சுலபமா வந்தது — தெரியல.

சனி, மார்ச் 29

இன்று ஒரு வீட்டில் எட்டு ஜன்னலையும் தனித்தனியாக அளந்தேன். எட்டும் ஒரே அளவு. எரிச்சலாக வந்தது.

புதன், ஏப்ரல் 2

மகள் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் தடுத்திருப்பேன்.

நடந்தது இது. பேராசிரியை தராசுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்: மீதி மண்ணை இன்னொரு முறை கரைத்து அளக்கட்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். பார்க்க உட்காரவைத்தது யாரை? என் மகளை. முதல் பை, இரண்டாவது பை, மூன்றாவது பை. அதே எண். தராசு திரும்பி, "நீயே பார்த்தே இல்ல, நான் எங்க தப்புப் பண்றேன், சொல்லுடி" என்று கேட்டிருக்கிறாள்.

"உன்மேல தப்பில்ல. ஆறும் ஒரே குழி மண்ணு."

 தராசு நாலாவது பையைப் பிரித்து, நிறுத்து, கரைத்து, ஆறாவது வரை அளந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

பேராசிரியை கூப்பிட்டு, மண் எடுத்த அன்று உன்கூட யார் இருந்தார்கள் என்று கேட்டதற்கு, யாருமில்லை, தனியாகப் போனேன் என்றாளாம் மகள். தராசிடமும் அதையே சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"லேப் தண்ணியக் குடிச்சவர்னு மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்ப்பா."

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லைக் குழாயில் முகம் கழுவப் போனேன், கொஞ்ச நேரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளி, ஏப்ரல் 4

பேராசிரியையைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவது என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன், நன்றாகவே வந்தது. போனால் லிஃப்ட் சரிசெய்திருக்கிறார்கள். முழங்காலைச் சாக்குச் சொல்லித் திரும்ப அதுவும் விடவில்லை. மூன்று பேர் ஏறினார்கள், "வர்றீங்களா?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நான் யாரையோ தேடுகிற மாதிரி பின்னால் திரும்பிப் பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது.

தனியாகப் போனேன் என்று அவள் சொன்ன பொய் வெளியானால் அவளுக்கு இன்னும் மோசமாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். அது உண்மையும்தான். ஆனால் நான் திரும்பி வந்தது அதற்காக இல்லை.

செவ்வாய், ஏப்ரல் 8

தீர்ப்பு வந்துவிட்டது. பேராசிரியை தராசிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாராம். மகளை நீக்கவில்லை. ஆனால் எடுத்த மண் அத்தனையும் கழிவு. இடையில் பெய்த மழை வயலின் உப்பை இடம் மாற்றிவிட்டதால், இப்போது போய் எடுத்தாலும் பழையதோடு சேராது. அடுத்த வறண்ட பருவம்வரை காத்திருந்து முதலிலிருந்து எடுக்கவேண்டும். இருவருக்கும் ஒரு வருஷம் போச்சு. செய்தவளுக்கு ஒன்று, செய்யாதவளுக்கு ஒன்று. செய்யச் சொன்னவனுக்கு ஒரு நாள் சம்பளம்கூடப் போகவில்லை.

வியாழன், மே 15

தராசு இந்தப் பக்கம் வருவதில்லை. மனைவி காரணம் கேட்டாள். பரீட்சையாக இருக்கும் என்றேன்.

ஞாயிறு, மார்ச் 1

புது டைரி. ஒரு வருஷமும் ஓடிவிட்டது.

இன்று இருவரும் மறுபடி மண் எடுக்கப் போகிறார்கள். சேர்ந்துதான் போகவேண்டும் என்பது பேராசிரியை உத்தரவு. தராசு விடிந்ததும் வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வாம்மா."

"ஷூ அழுக்கு அங்கிள்."

ஷூ பளபளவென்று இருந்தது. வெளியே போய் நான்தான் பக்கத்தில் நின்றேன். மகள் உள்ளே பைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். தராசு தெருவைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினாள்.

"எனக்குக் கோபமெல்லாம் போயிடுச்சு அங்கிள். அவ அன்னைக்குத் தனியா போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்க கூடப் போயிருந்தா அப்படிப் பண்ண விட்டிருப்பீங்களா?"

மகள் அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். அவள் காதில் விழுந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்து, கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"பார்த்துப் போயிட்டு வாங்கம்மா" என்றேன்.

 இருவரும் துளைக்கருவியை ஆளுக்கொரு நுனியாகப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பினார்கள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் இருந்தது இவ்வளவுதான்: கூடப் போனேன்மா. அப்படிப் பண்ணச் சொன்னதே நான்தான்.