அடித்தல் திருத்தல் இல்லாமல்

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், எழுது என்றாய். எழுதுகிறேன். ஆனால் நீ அனுப்பிய முக்கோணத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எங்கள் தலைமை ஆசிரியை ஆளுக்கொரு செயலாராய்ச்சி செய்து அறிக்கை கொடுக்கச் சொல்லிவிட்டார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பிக்கப் போகுமுன் நீ வேலை பார்த்த பள்ளிதானே, இங்கே சொன்னால் சொன்னதுதான். நான் எடுத்த கேள்வி: ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் ஏன் யாருமே சந்தேகம் கேட்பதில்லை? "புரிஞ்சுதா?" என்றால் முப்பத்திநாலு பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது டீச்சர்!" பரீட்சை வைத்தால் பாதிப் பேர் ஃபெயில்.

பயந்த பிள்ளைகளுக்குத் தைரியம் கொடு என்றார்கள் மற்ற ஆசிரியர்கள். நீயோ செயல்பாட்டுக் கோட்பாடு என்று அந்த முக்கோணத்தைக் காட்டுகிறாய். செய்பவர் யார், எதை நோக்கி, எந்தக் கருவியால், என்ன விதிக்குள், யாரோடு சேர்ந்து, வேலையை எப்படிப் பங்கிட்டு. முக்கோணத்துக்கு ஆறு இடம் எப்படி வந்தது என்பதே முதல் குழப்பம். சார்ட்டில் வரைந்து சமையலறைக் கதவில் ஒட்டினேன். "இது என்ன, பிளம்பிங் படமா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

"எதை நோக்கி" என்ற இடத்தில் மதிப்பெண் என்று எழுதினேன். பிறகு பிள்ளைகள் என்று மாற்றினேன். இரண்டுமே சரியாகப் படவில்லை. உதவி செய்.

உன் சிட்டு

ஜூலை 12

சிட்டுவுக்கு,

படத்தைக் கதவிலிருந்து எடு, பாவம் அந்த மனுஷன்.

ஒரு பிள்ளையைத் தனியாகப் பிடித்து இவள் ஏன் பேசவில்லை என்று கேட்டால் "கூச்சம்" என்று ஒரு பதில் வரும், அதோடு முடிந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் அங்கே மொத்தமாக என்ன நடக்கிறது என்று பார். நீ ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருப்பாய், அவர்கள் வேறொன்றை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். விதி ஒரு பக்கம் இழுக்கும், கருவி ஒரு பக்கம் இழுக்கும். எங்கே உரசுகிறதோ அங்கே நில். அந்த உரசலைத்தான் முரண்பாடு என்கிறார்கள். அதற்கு யாரையும் திட்ட வேண்டாம், மாற்றம் அங்கிருந்துதான் தொடங்கும்.

எதை நோக்கி என்று நீயே யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அவர்களையே கேள். பெயர் போடாமல் எழுதச் சொல்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

கேட்டேன். "கணக்கு வகுப்பில் நாம் என்ன செய்கிறோம்?" முப்பத்திநாலு துண்டுச் சீட்டு வந்தது. இருபத்தியொரு சீட்டில் ஏறக்குறைய ஒரே பதில்: நோட்டை அழகாக வைத்துக்கொள்கிறோம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து கரும்பலகையை விட்டுவிட்டு அவர்கள் கைகளைப் பார்த்தேன். யாருமே கணக்குப் போடுவதில்லை அக்கா! பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் விடையை எழுதும்வரை காத்திருக்கிறார்கள். ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண் மட்டும் உள்ளங்கையில் போட்டுப் பார்த்து எச்சிலால் அழிக்கிறாள். "ஏம்மா நோட்டுல போடல?" என்றேன். "தப்பாயிட்டா கோடு போட்டு அடிக்கணுமே டீச்சர். அடிச்சா மாசச் சோதனையில மறுபடி முழுசா எழுதச் சொல்வாங்க."

ஆசிரியர் அறை பீரோவின் உட்கதவில் ஒரு பழைய அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு, மாதம் ஒருமுறை சோதனை. கையெழுத்து மங்கிவிட்டது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளையே பார்க்காத யாரோ போட்ட விதி என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

ஆளுக்கொரு கரட்டு நோட்டும், அதாவது ரஃப் நோட்டு, கொடுத்திருக்கிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று. நேற்று மட்டும் பதினொரு கேள்வி! ஒல்லி கேட்டாள்: "அரையும் மூணுல ஒண்ணும் கூட்டுறப்ப மேலயும் கீழயும் கூட்டினா ஏன் தப்பு? ரெண்டுக்கு ஒரு மார்க், மூணுக்கு ஒரு மார்க் வாங்கினா அஞ்சுக்கு ரெண்டுன்னுதானே போடறீங்க?" நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். நீயாவது சொல்.

சிட்டு

ஆகஸ்ட் 9

சிட்டுவுக்கு,

அறிக்கையை இப்போதைக்குக் கொடுக்காதே. யார் போட்டது என்று தெரியாமல் எழுதுவது ஆராய்ச்சி இல்லை. விதிக்கும் ஒரு பிறப்பு உண்டு.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்கா,

அறிக்கையை ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது. நான்கு வரியில் ஏன் இப்படி வெட்டி எழுதினாய்? உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்ன தப்புச் செய்தேன் என்று பிடிபடவில்லை.

இங்கே வேறு பிரச்சினை. ஒரு அப்பா கரட்டு நோட்டோடு வந்து, "இது என்ன, கோழி கிளறின மாதிரி? இதுக்கா பிள்ளைய அனுப்பறேன்?" என்று கத்தினார். தலைமை ஆசிரியை எல்லா நோட்டையும் வாங்கிப் பூட்டிவிட்டார். வரும் வியாழக்கிழமை பள்ளிக் குழு கூடி, நான் அந்த வகுப்பில் தொடர்வதா என்று முடிவு செய்யும். குழுவில் வெளி நிபுணராக நீயும் இருக்கிறாயாம். நீ ஏன் சொல்லவில்லை?

ஒன்றும் புரியவில்லை அக்கா. நீ என் பக்கமா இல்லையா?

சிட்டு

ஆகஸ்ட் 19

அன்புச் சிட்டு,

அந்தக் கையெழுத்து என்னுடையது.

பதினெட்டு வருஷம் ஆயிற்று. நான் பொறுப்புத் தலைமை ஆசிரியையாக இருந்த வருஷம், சோதனைக்கு வந்த அதிகாரி கணக்கு வாத்தியாரின் வகுப்பு நோட்டுகளைப் பிள்ளைகள் முன்னாலேயே வீசியெறிந்தார். "அடிச்சு அடிச்சு வச்சிருக்கான், இவனெல்லாம் வாத்தியாரா?" என்றார். வாத்தியார் குனிந்து ஒவ்வொரு நோட்டாகப் பொறுக்கினார். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டார். இனி ஒருவருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்று அன்று அந்த அறிவிப்பை எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் எங்களை அவமானப்படுத்தவில்லை. பிள்ளைகள் கேட்பது நின்றதை நான் கவனிக்கவில்லை. வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

உனக்கு இந்தக் கோட்பாட்டைச் சொல்லும்போது அது என் நினைவிலேயே இல்லை. மறந்தேனா, மறந்ததாக வைத்துக்கொண்டேனா, எனக்கே தெரியவில்லை. "பிள்ளைகளையே பார்க்காத யாரோ" என்ற வரி சுருக்கென்று தைத்தது. அதனால்தான் அந்த நான்கு வரி.

குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். ஆனால் வியாழக்கிழமை வருவேன், உன் பக்கத்து நாற்காலியில் உட்கார. இன்று அந்த வாத்தியார் கண் முன்னே நின்றால் மறுபடி அதே அறிவிப்பைத்தான் ஒட்டுவேனோ என்னவோ. அதையும் அங்கே சொல்லிவிடுவேன்.

ஒல்லியிடம் சொல்: மதிப்பெண்ணில் இரண்டு தேர்வும் சேர்ந்து ஒரு பெரிய தேர்வாகிவிடுகிறது. பின்னத்தில் முழுசு ஒன்றேதான், அது வளராது. இதை எழுத எனக்கு மூன்று தாள் வீணாயிற்று.

அக்கா

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்கா,

நீ பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு முடிவைச் சொன்னார்கள். வகுப்பு எனக்கே. கரட்டு நோட்டு அரையாண்டு வரை, இந்த ஒரு வகுப்புக்கு மட்டும். உன் அறிவிப்பைக் கிழிக்கவில்லை. "அந்தக் கதையையும் அறிக்கையில சேர்த்துக் குடும்மா" என்றார் தலைமை ஆசிரியை. கத்திய அந்த அப்பா பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பெண் நம் ஒல்லிதான்.

ஜெயித்தோமா, தோற்றோமா? சொல்லத் தெரியவில்லை. அவள் கேட்டதற்குப் பதிலை ஒரு தாளில் எழுதிப் புது வகுப்பு வாசலில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். படிப்பாளா தெரியாது.

அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று நீ பேசியபோது எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை அக்கா. என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். வாசலில் அந்தக் கனமான பையை நீ தூக்க முடியாமல் தூக்கியபோது, நான் வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அந்தக் கோபத்தில்தான். நீ கவனித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை வா. பஸ் நிறுத்தத்துக்கே வருகிறேன், பையை வாங்கிக்கொள்ள.

சிட்டு