அப்பன் பெயர்

மே 14, செவ்வாய்

தாயில்லாத பேத்தி தனாவுக்கு மறுபடியும் மூச்சிரைப்பு. நான் காவல் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மருத்துவ அட்டையில் அவளைச் சேர்க்க இன்று ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பெண் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

“அங்கிள், சொந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் லா. பேரப்பிள்ளைக்குக் கிடையாது.”

“ஆறு வருசமா நான்தாம்மா வளக்குறேன்.”

“அப்போ தத்து எடுத்துக்குங்க. பத்திரத்துல அப்பா பேரு இருக்குல்ல, அவரு சைன் வேணும். பேரு இல்லன்னா தேவைப்படாது.”

அந்த அப்பன், என் மகன், சிங்கப்பூரில் இருக்கிறான். என் போனை எடுத்து ஒரு வருடமாகிறது.

யாரைத் திட்டுவது? தனா பிறந்தபோது, “கல்யாணமே பதியல, என் பேரு எதுக்கு?” என்று நழுவியவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பதிவகத்தில் கையெழுத்துப் போடவைத்தவன் நான்தான். அப்பன் பேர் தெரியாத பிள்ளை என்று எவனும் சொல்லிவிடக் கூடாதாம். அப்படி ஒரு ரோஷம் எனக்கு.

இப்போது பேர் இருக்கிறது, அழகாக அச்சடித்து, முத்திரை குத்தி. உள்ளே அவள் இருமிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேரைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கவா?